தானாக விழட்டும்

நேயர்களுக்கு வணக்கம். கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இன்றைக்கு அந்தத் துப்பாக்கியில் ஒரே ஒரு பாகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மேகசின்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிக்குள் கீழேயிருந்து செருகுகிற ஒரு நீளப் பெட்டி அது. தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அடியிலுள்ள ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். தீர்ந்ததும் காலிப் பெட்டியை எடுத்துவிட்டு நிரம்பியதைச் செருகவேண்டும். டார்ச்சில் பேட்டரி மாற்றுகிறோமே, அந்த மாதிரி. பட்டனை அழுத்தினால் காலிப் பெட்டி தானாக வழுக்கிக் கீழே விழவேண்டுமா, அல்லது கொஞ்சம் வெளியே வந்து நின்றுகொண்டு, கையால் இழுத்தால்தான் வரவேண்டுமா? நூறு வருஷத்துக்கு மேலாக இதற்கு இரண்டு பதில் இருக்கிறது. என் பதில், விழவேண்டும். ஆனால் பல வருஷம் நான் எதிர்க்கட்சியில் இருந்தவன். அதற்குக் காரணம் ஒரு மேகசின்.

பயிற்சிக்கு வந்த ஒருவருடைய துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொண்டது. இரண்டு தோட்டா ஒழுங்காகப் போகும், மூன்றாவது மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றுவிடும். நான் பிரித்தேன், துடைத்தேன், எண்ணெய் போட்டேன், ஸ்பிரிங்கைக்கூட மாற்றினேன். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள்தான் தோன்றியது. அவரிடம் இருந்த மூன்று மேகசின்களுக்கும் வெள்ளைப் பெயின்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன். சிக்கும்போதெல்லாம் எந்த எண் என்று குறித்து வைத்தோம். எல்லாம் இரண்டு. இரண்டாம் எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மேகசினின் வாயில் இரண்டு பக்கத் தகடும் உள்நோக்கி மடிந்திருக்கும். உதடு என்போம். தோட்டா துள்ளி வெளியே வராமல் பிடித்துக்கொள்வதும், சரியான கோணத்தில் மேலே விடுவதும் அந்த உதடுதான். ஒன்றையும் இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவதின் இடது உதடு ஒரு நகத்தின் கனம் அகன்றிருந்தது. அதன் முனையில் ஒரு பளபளப்பான நசுங்கல், அதில் சிமென்ட் தூள். எப்போதோ ஒரு நாள் வாய்ப்பக்கமாகத் தரையில் விழுந்திருக்கிறது. ஒரு விழுகை, இரண்டு நாள் அலைச்சல். அன்றிலிருந்து, மேகசினைத் தரையில் விடுகிற துப்பாக்கியே தவறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படி நினைத்தவன் நான் மட்டுமல்ல. மகரோவ், வால்தர் பி-38 என்ற இரண்டு கைத்துப்பாக்கிகளிலும் பட்டனே கிடையாது. கைப்பிடியின் அடியில் ஒரு கொக்கி. ஒரு கையின் கட்டைவிரலால் கொக்கியைப் பின்னால் தள்ளி, அதே கை விரல்களால் மேகசினை உருவவேண்டும். உருவின கையிலேயே அது இருக்கும், தொலையவே தொலையாது. இன்னொன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டலில் பட்டன் உண்டு, அழுத்தினால் விழும். ஆனால் அதன் ஆரம்பகால மேகசின்களின் அடியில் ஒரு சின்ன வளையம் வைத்திருந்தார்கள். குதிரைப்படைக்காக. ஓடுகிற குதிரைமேலிருந்து விழுந்ததை யார் இறங்கிப் பொறுக்குவது? வளையத்தில் கயிற்றைக் கோத்துக்கொள்ளலாம். அந்த வளையத்தை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

என் எண்ணம் மாறியதும் பயிற்சித் தளத்தில்தான். ஒரு பெண், நல்ல பயிற்சியுள்ளவர். அவருடையது மேகசினைப் பிடித்து நிறுத்துகிற வகை. குழாயின் பின்முனையில் ஒரே ஒரு தோட்டா உட்காரவேண்டிய அறைக்குள் இரண்டு தோட்டா முண்டிக்கொண்டு நின்றுவிட்டது. இதற்கு வழி ஒன்றுதான். ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகர்கிற பாகத்தை, பின்னால் இழுத்து மாட்டி, முதலில் மேகசினை வெளியே எடுக்கவேண்டும். அவர் பட்டனை அழுத்தினார். மேகசின் ஒரு விரற்கடை இறங்கி நின்றுகொண்டது. கை முழுக்க வியர்வை. அடித்தகட்டைப் பிடிக்கிறார், வழுக்குகிறது. மறுபடி பிடிக்கிறார், வழுக்குகிறது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது பயிற்சி, ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் அவசரத்தில் இருக்கிற ஒருவருக்கு அந்த நேரம் கிடைக்குமா?

அன்றைக்குத்தான் அந்தக் குதிரைப்படை வளையம் எனக்குப் புரிந்தது. துப்பாக்கி மேகசினை விட்டுவிட்டது. தொலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கயிறு செய்தது. இரண்டும் தனித்தனி வேலை. அவகாசம் இருந்தால் கையை அடியில் நீட்டி மேகசினை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். அவகாசம் இல்லையென்றால் விழட்டும். விழுகிற மேகசினைப் பிடித்து வைக்க முடியும். பிடித்து நிற்கிற மேகசினை விழச்செய்ய முடியாது. திரும்பவும் சொல்கிறேன், முதல் வகையில் இரண்டு வழியும் நம் கையில் இருக்கிறது, இரண்டாவது வகையில் ஒன்றுதான்.

பிடித்து நிற்பதற்குக் காரணம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறு. பிரௌனிங் ஹை-பவரில், மேகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது. அதற்காக வைத்த பாகம் மேகசினின் முன்பக்கத்தை உரசிக்கொண்டே இருக்கும், உரசல்தான் அதைப் பிடிக்கிறது. செக் நாட்டு சிஇசட்-75-இல் வேண்டுமென்றே ஒரு வளைந்த தகட்டு ஸ்பிரிங் வைத்தார்கள். அதை நிமிர்த்தினால் மேகசின் விழத் தொடங்கிவிடும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கிளாக்கின் ஆரம்பகாலப் பிளாஸ்டிக் மேகசின்களுக்குள் உலோகத் தகடு மூன்று பக்கம்தான். தோட்டா நிரப்பினால், மழைக்காலத்து மரக்கதவு மாதிரி உப்பிக்கொண்டு பிடிக்கும். பிறகு நாலு பக்கமும் தகடு வைத்தார்கள், விழ ஆரம்பித்தது.

போட்டிகளிலும் இதே வழக்குத்தான். 1976-இல் தொடங்கிய ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டுச் சுடுதல் அமைப்பின் போட்டிகளில் மேகசினைத் தரையில் விட்டுவிட்டு ஓடலாம். 1996-இல் தொடங்கிய ஐடிபிஏ என்ற தற்காப்புச் சுடுதல் போட்டி அமைப்பு, தோட்டா மீதியுள்ள மேகசினைக் கீழே விட்டுப்போகக் கூடாது என்று விதி வைத்திருந்தது. கவனித்தீர்களா, அந்த விதி சுடுகிறவருக்கு, துப்பாக்கிக்கு அல்ல.

அப்படியானால் அந்த இரண்டாம் எண் மேகசின்? நியாயமான கேள்வி. அடியில் ரப்பர் திண்டு மாட்டுங்கள். எண் போடுங்கள். பயிற்சியில் தரைமேல் ஒரு பாயை விரியுங்கள். உதடு கெட்டால் வளைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பயிற்சிக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

இடதுகைக்காரர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாக. பட்டன் இடப்பக்கம் இருந்தாலும் ஆள்காட்டி விரலால் அழுத்தலாம், பழகினால் வேகமாகவே வரும். மணல், தூசி உள்ளே போனால் எந்த மேகசினும் சிக்கி நிற்கும், துடையுங்கள். சோதிப்பது சுலபம். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பாருங்கள், வெறும் மேகசினைச் செருகி, நிமிர்த்திப் பிடித்து, பட்டனை அழுத்துங்கள். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக. எது நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.