சுண்டைக்காய் பற்றிச் சொல்ல வந்தவரிடம் இத்தனை கேள்விகளா? வேர்ட்பிரஸ் பின்னூட்டப் பகுதியை நம் விருப்பப்படி மாற்றுவது

[திரையில்: சமையல் குறிப்புப் பக்கம் ஒன்றின் அடிப்பகுதி. பின்னூட்டப் படிவம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது வற்றல்குழம்பு செய்முறை ஒன்றின் கடைசிப் பகுதி. இதைப் படித்த ஒருவருக்கு, "எங்கள் வீட்டில் மணத்தக்காளிக்குப் பதில் சுண்டைக்காய் போடுவோம்" என்று ஒரு வரி எழுதத் தோன்றுகிறது. கருத்து எழுத ஒரு பெட்டி இருக்கிறது. அதன் கீழே பெயருக்கு ஒரு பெட்டி, மின்னஞ்சலுக்கு ஒன்று, இணையதள முகவரிக்கு ஒன்று. அதற்கும் கீழே, அடுத்த முறைக்காக இந்த விவரங்களைச் சேமிக்கலாமா என்று கேட்டு ஒரு கட்டம். சுண்டைக்காய்க்காக இவ்வளவு வேலையா என்று அவர் திரும்பிப் போனால் நாம் வருத்தப்பட உரிமையில்லை.

வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவியதும் எல்லோருக்கும் கிடைக்கிற படிவம் இதுதான். இதை மாற்ற நினைப்பவர்கள் பொதுவாக நிறத்திலும் எழுத்துருவிலும் கை வைக்கிறார்கள். நான் முதலில் பெட்டிகளை எடுக்கச் சொல்வேன்.

[திரையில்: இணையதள முகவரிப் பெட்டியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.]

முதலில் போக வேண்டியது இணையதள முகவரிப் பெட்டி. ஆளுக்கொரு வலைப்பதிவு வைத்திருந்த காலத்தில் இதற்குப் பொருள் இருந்தது. பின்னூட்டம் இட்டவரின் பெயரைச் சொடுக்கினால் அவருடைய வீட்டுக்குப் போகலாம். இன்று குழம்பு பற்றி எழுத வருகிறவரிடம் பெரும்பாலும் தளம் எதுவும் கிடையாது. இந்தப் பெட்டியைத் தவறாமல் நிரப்புகிறவர்கள் விளம்பர எரிதம் (ஸ்பேம்) போடுகிறவர்கள்தான். பின்னூட்டங்களில் வரும் இணைப்புகளைத் தேடல் தரவரிசையில் கணக்கில் எடுக்காதபடி 'நோஃபாலோ' என்ற குறியை 2005 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. வேர்ட்பிரஸ் அந்தக் குறியைத் தானாகவே சேர்த்துவிடுகிறது. ஆகவே இணைப்புப் போடுகிறவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. ஆனாலும் தானியங்கி நிரல்கள் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படுவதில்லை, வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இந்தப் பெட்டியை நீக்குவதற்கு அமைப்புகளில் எங்கும் ஒரு பொத்தான் இல்லை. சின்ன நிரல் ஒன்று எழுத வேண்டும்.

[திரையில்: நான்கு வரி நிரல். 'கமெண்ட் ஃபார்ம் டீஃபால்ட் ஃபீல்ட்ஸ்' என்ற ஃபில்டர் மஞ்சளில் தெரிகிறது.]

பெட்டிகளின் பட்டியலை வேர்ட்பிரஸ் இந்த ஃபில்டர் வழியாக அனுப்புகிறது. நாம் குறுக்கே நின்று, முகவரிக்குரிய உறுப்பை மட்டும் எடுத்துவிட்டு மீதியைத் திருப்பித் தருகிறோம். இவ்வளவுதான் இதன் வேலை. எங்கே எழுதுவது என்பதுதான் முக்கியம். தளத்தின் தோற்றத்துக்காக நீங்கள் பயன்படுத்தும் தீமின் 'ஃபங்ஷன்ஸ்' கோப்பில் நேரடியாக எழுதாதீர்கள். தீமுக்குப் புதிய பதிப்பு வந்து புதுப்பித்தவுடன் அந்தக் கோப்பு முழுவதும் மாற்றி எழுதப்படும், உங்கள் வரிகளும் போய்விடும். அந்தத் தீமைச் சார்ந்து இயங்கும், அதன் புதுப்பிப்பால் பாதிக்கப்படாத சைல்டு தீம் ஒன்றை உருவாக்கி அதன் 'ஃபங்ஷன்ஸ்' கோப்பில் வையுங்கள். அல்லது நிரல் துணுக்குகளைச் சேர்ப்பதற்கென்றே இருக்கும் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) ஒன்றைப் பயன்படுத்துங்கள். பக்கத்தை 'பிளாக்' எனும் துண்டுகளாக அடுக்கிக் கட்டும் பிளாக் வகைத் தீம் வைத்திருப்பவர்களுக்கும் இந்த ஃபில்டர் வேலை செய்யும், ஏனென்றால் பின்னூட்டப் படிவ பிளாக்கும் உள்ளே அதே பழைய படிவத்தைத்தான் அழைக்கிறது.

அடுத்தது மின்னஞ்சல். இதையும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

[திரையில்: 'செட்டிங்ஸ்' பட்டியலில் 'டிஸ்கஷன்' பக்கம்.]

பெயரும் மின்னஞ்சலும் கட்டாயம் என்ற தேர்வு இந்தப் பக்கத்தில் இருக்கிறது. டிக்கை எடுத்தால் கட்டாயம் நீங்கும். ஆனால் அதே பக்கத்தில், முன்பு ஒருமுறை அனுமதி பெற்றவரின் பின்னூட்டத்தைத் தடுக்காமல் வெளியிடு என்ற இன்னொரு தேர்வும் இருக்கிறது. 'இவர் நமக்குத் தெரிந்தவர்தான்' என்று வேர்ட்பிரஸ் முடிவு செய்வது பெயரையும் மின்னஞ்சலையும் சேர்த்துப் பார்த்துத்தான். மின்னஞ்சல் காலியாக இருந்தால், பத்து முறை வந்தவரும் ஒவ்வொரு முறையும் புதியவராகவே வரிசையில் நிற்பார். எனவே அன்றாடம் வந்து எழுதும் வாசகர்கள் உங்களுக்கு உண்டு என்றால் மின்னஞ்சல் பெட்டி இருக்கட்டும். பெட்டிக்குப் பக்கத்தில், "மின்னஞ்சல் வெளியே தெரியாது" என்று தெளிவான தமிழில் ஒரு வரி எழுதுங்கள்.

சேமிக்கலாமா என்று கேட்கும் கட்டம் 2018 மே மாதம் வந்த 4.9.6 பதிப்பில் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதே மாதம் 25ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பெயரையும் மின்னஞ்சலையும் உலாவியில் குக்கீ எனும் சிறு பதிவாக வைப்பதற்கு முன்பு வாசகரின் ஒப்புதலைக் கேட்பதற்காகவே இந்தக் கட்டம். அதை நான் தொட மாட்டேன்.

பெட்டிகளின் வரிசை பற்றி ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்புக்கு முன்பு பெயரும் மின்னஞ்சலும் மேலே இருந்தன, கருத்துப் பெட்டி கடைசியில் இருந்தது. பழைய வரிசை திரும்ப வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அதற்கும் ஃபில்டர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல்ல வந்ததை முதலில் சொல்லட்டும், பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

[திரையில்: படிவத்தின் தலைப்பு மாறுகிறது. "மறுமொழி இடவும்" மறைந்து, "உங்கள் வீட்டில் இந்தக் குழம்புக்கு என்ன வற்றல் போடுவீர்கள்?" தோன்றுகிறது.]

படிவத்தின் தலைப்பு, பொத்தானில் உள்ள சொல், மேலே வரும் குறிப்பு எல்லாவற்றையும் மாற்றலாம். பலரும் இதை வெறும் மொழிபெயர்ப்பு வேலையாக முடித்துவிடுகிறார்கள். தலைப்பை ஒரு கேள்வியாக மாற்றிப் பாருங்கள். "மறுமொழி இடவும்" என்பது ஏதோ அலுவலகப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பது போல இருக்கிறது. என்ன வற்றல் என்று கேட்டால் பதில் சொல்லாமல் போக நம் ஆட்களால் முடியாது.

[திரையில்: கைப்பேசித் திரை. பதிலுக்குப் பதில், அதற்கும் பதில் என்று ஐந்து அடுக்குகள். கடைசி அடுக்கில் எழுத்துகள் ஒல்லியான பட்டையாக நெருக்கியடித்து நிற்கின்றன.]

இப்போது பதில்களின் அடுக்குகளுக்கு வருவோம். பதிலுக்குப் பதில் எழுதும் வசதி 2008 டிசம்பரில், 2.7 பதிப்பில் வந்தது. நாம் மாற்றாவிட்டால் ஐந்து அடுக்கு வரை போகும். பத்து வரை உயர்த்தலாம், ஆனால் உயர்த்தாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கைப்பேசியின் அகலம் 360 பிக்சல், தீம் ஒவ்வொரு அடுக்குக்கும் 40 பிக்சல் உள்ளே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது அடுக்குக்கு வரும்போது 160 பிக்சல் போய்விட்டது. மீதி 200. அதில் 'தெரியப்படுத்தியிருக்கிறார்கள்' என்ற சொல் எப்படி உட்காரும்? வரியை மீறி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

அடுக்குகளை மூன்றாகக் குறைத்துவிடுங்கள். ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும்: கடைசி அடுக்கில் உள்ள பின்னூட்டத்தின் கீழ் 'பதில்' என்ற இணைப்பே தோன்றாது. தொடர்ந்து பேச நினைப்பவர், மேல் அடுக்கில் இருப்பவருக்குரிய 'பதில்' இணைப்பை அழுத்த வேண்டும். சண்டைகள் நீளாமல் இருக்க இதுவும் ஒரு வழி என்பது என் கட்சி. அதோடு, சிறிய திரைகளில் உள்தள்ளலை 12 பிக்சலாகக் குறைக்கவும், நீளமான சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகவும் பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் தலா ஒரு வரி எழுதுங்கள்.

சி.எஸ்.எஸ். பக்கம் வந்துவிட்டதால், தமிழ்த் தளங்களுக்கென்றே சில திருத்தங்கள்.

[திரையில்: இடப்பக்கம் பழைய படிவம், வலப்பக்கம் திருத்திய படிவம். இரண்டிலும் ஒரே தமிழ் வாக்கியம்.]

கருத்துப் பெட்டிக்குள் தட்டச்சு செய்யும்போது மட்டும் தமிழ் எழுத்து வேறு மாதிரி தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். தீம் எதுவும் சொல்லாவிட்டால், அந்தப் பெட்டிக்கு உலாவி தட்டச்சுப்பொறி பாணியிலான சம அகல எழுத்துருவைத் தருகிறது. அந்த எழுத்துருவில் தமிழ் இல்லாதபோது, கணினியில் கைக்குக் கிடைத்த ஏதோ ஒன்றைப் போடுகிறது. பக்கத்தின் எழுத்துருவையே எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஐபோனில் பெட்டியைத் தொட்டவுடன் திரை தானாகப் பெரிதாகி, பக்கம் ஒருபுறமாக நகர்ந்துவிடும். வரிகளுக்கிடையே இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக, 1.7 அளவுக்கு வையுங்கள். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு, ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் அவை ஒன்றோடொன்று முட்டும். மேற்கோள்களைச் சாய்வெழுத்தில் காட்டும் தீம்களில் அந்தச் சாய்வை எடுத்துவிடுங்கள். சாய்த்த தமிழைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

எனக்குப் பிடித்த மாற்றம் இன்னொன்று. கட்டுரையை எழுதியவரே கீழே பதில் சொல்லும்போது, அந்தப் பின்னூட்டத்துக்கு வேர்ட்பிரஸ் 'பைபோஸ்ட்ஆத்தர்' என்ற அடையாளத்தைத் தானாகச் சேர்க்கிறது. அதற்கு இளம் பின்னணி நிறமும் இடப்பக்கம் ஒரு கோடும் கொடுத்தால் போதும். நூறு பின்னூட்டங்களுக்கு நடுவிலும் சமைத்தவரின் பதில் எது என்பது தெரியும். ஆனால் அவர் தன் கணக்கில் உள்நுழைந்து எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் வாசகரைப் போலப் பெயரைத் தட்டிப் பதில் போட்டால் இந்த அடையாளம் வராது.

பெயருக்குப் பக்கத்தில் வரும் படம் கிராவதார் சேவையிலிருந்து வருகிறது. அங்கே பதிவு செய்யாதவர்களுக்கெல்லாம் ஒரே சாம்பல் தலைதான். உங்கள் பக்கத்தில் சாம்பல் தலைகள் வரிசையாக நின்றால் படங்களை மொத்தமாக அணைத்துவிடுங்கள்.

[திரையில்: 'டிஸ்கஷன்' பக்கத்தின் அடிப்பகுதி. இரண்டு பெரிய காலிப் பெட்டிகள்.]

இனி மட்டுறுத்தல், அதாவது எந்தப் பின்னூட்டத்தை வெளியிடுவது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்வது. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், தமிழில் எழுதுபவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லாத இடமும் இதுதான். இரண்டு சொற்பட்டியல்கள் இருக்கின்றன. முதல் பட்டியலில் உள்ள சொல் வந்தால், பின்னூட்டம் உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கும். இரண்டாவதில் உள்ள சொல் வந்தால் நேராகக் குப்பைக்குப் போகும். ஒரு வரிக்கு ஒரு சொல்தான் எழுத வேண்டும். காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதினால் முழு வரியையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டு எதையும் பிடிக்காமல் விட்டுவிடும்.

கடன் தருகிறோம் என்று விளம்பரம் போடுகிறவர்களைத் தடுக்க நீங்கள் 'கடன்' என்று எழுதுகிறீர்கள். மறுநாள் "குறைந்த வட்டியில் கடனைப் பெறுங்கள்" என்று ஒன்று வந்து நிற்கிறது. எப்படித் தப்பியது?

[திரையில்: 'கடன்' பிரிகிறது: க, ட, ன, புள்ளி. அதன் கீழே 'கடனை': க, ட, ன, ஐகாரக் குறி.]

கணினி சொல்லை இப்படித்தான் சேமிக்கிறது. 'கடன்' என்பதன் கடைசியில் புள்ளி இருக்கிறது. 'கடனை' என்பதில் அந்தப் புள்ளியின் இடத்தில் ஐகாரக் குறி வந்துவிட்டது. கணினியைப் பொறுத்தவரை முதல் சொல் இரண்டாவதற்குள் இல்லை. புள்ளியை எடுத்துவிட்டு 'கடன' என்று எழுதுங்கள். கடன், கடனை, கடனுக்கு எல்லாம் சிக்கும், ஏனென்றால் இந்தப் பட்டியல் சொல்லின் நடுவிலும் தேடுகிறது.

நடுவில் தேடுவதால் வரும் தொல்லையும் உண்டு. 'நன்றிக்கடன்' மாட்டும், 'காலைக்கடன்' மாட்டும். இதைவிட வேடிக்கை 'பணம்'. அது வேற்றுமை ஏற்கும்போது பணத்தை, பணத்துக்கு என்று உருமாறும். எதற்கு வம்பு என்று வேரை மட்டும் எடுத்து 'பண' என்று எழுதினால், சமையல் தளத்தில் பணியாரம் பற்றி எழுதிய அத்தனை பேரும் நிறுத்தி வைக்கப்படுவார்கள். பண்டிகை வாழ்த்துச் சொன்னவர்களும் கூடவே மாட்டுவார்கள். அதற்குப் பதில் 'பணம' என்று ஒரு வரி, 'பணத்த' என்று ஒரு வரி. பணியாரம் தப்பிக்கும்.

'லோன்' என்ற சொல்லில் வேறு சிக்கல். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் பட்டியலில் ஒன்று இருந்தால் மற்றது பிடிபடாது. தப்பி வந்த பின்னூட்டத்திலிருந்தே அந்தச் சொல்லை நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டிவிடுவது சுலபமான வழி.

தமிழ்ச் சொற்களை எப்போதும் முதல் பட்டியலிலேயே வையுங்கள். குப்பைக்கு அனுப்பும் பட்டியலில், நிச்சயமாக யாரும் நல்ல நோக்கத்துடன் எழுத மாட்டார்கள் என்று தெரிந்த இணைய முகவரிகள் மட்டும் இருக்கட்டும். இரண்டு இணைப்புகள் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறுத்தி வை என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். மொத்தமாக வந்து குவியும் எரிதங்களை வடிகட்ட அகிஸ்மெட் போன்ற பிளகின் தேவைப்படும்.

[திரையில்: உலாவியின் மறைநிலைச் சாளரம் திறக்கிறது.]

எல்லாம் முடிந்ததும் நீங்கள் செய்த மாற்றத்தைப் பார்க்கப் பக்கத்தைத் திறப்பீர்கள். பெயர்ப் பெட்டியும் மின்னஞ்சல் பெட்டியும் சுத்தமாகக் காணாமல் போயிருக்கும். பயந்துவிடாதீர்கள். உள்நுழைந்திருக்கும் நிர்வாகியிடம் வேர்ட்பிரஸ் அவற்றைக் கேட்பதில்லை. பக்கத்தின் பழைய நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் கேச் பிளகின் இருந்தால் அதைக் காலி செய்துவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் பக்கத்தைத் திறந்து, வாசகரைப் போல ஒரு பின்னூட்டம் இடுங்கள். பிறகு பெயரைக் காலியாக விட்டு இன்னொன்றை அனுப்பிப் பாருங்கள். வெள்ளைப் பக்கத்தில் ஒற்றை வரியாகப் பிழைச் செய்தி வந்தால், அது தமிழில் இருக்கிறதா, வாசகர் எழுதியதற்குத் திரும்பிப் போக வழி காட்டுகிறதா என்று பாருங்கள். கைப்பேசியிலும் இதையே ஒருமுறை செய்துவிட்டு, சோதனைக்காகப் போட்ட பின்னூட்டங்களை நீக்கிவிடுங்கள்.