சாய்ந்து நிற்கும் சுவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

யூத மதத்தின் அடிப்படைக் கொள்கைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு யூத வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஆரம்பிக்கிறேன்.

நிலைக்காலைப் பாருங்கள். நுழைகிறவரின் வலதுகைப் பக்கம், ஏறக்குறைய தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு சின்ன உறை அறைந்திருக்கும். மெசூசா என்று பெயர். வருகிறவர் போகிறவர் பலர் அதைத் தொட்டு விரலை முத்திக்கொள்வார்கள். உறை பித்தளையோ மரமோ, அது பெரிதில்லை. உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தோல்தான் விஷயம். அதற்கென்றே பயின்ற எழுத்தர் கையால் எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் செல்லாது. அச்சடித்தது செல்லவே செல்லாது.

அதில் யூத மறைநூலான தோராவின் ஐந்தாம் புத்தகம் உபாகமத்திலிருந்து இரண்டு பகுதிகள் இருக்கும். முதல் சொல் ‘ஷெமா’, கேள் என்று அர்த்தம். இஸ்ரவேலே கேள், நம் கடவுள் ஒருவரே என்று தொடங்குகிறது. காலையிலும் இரவிலும் சொல்கிறார்கள். உயிர் பிரியும் நேரத்திலும் அதையே சொல்ல விரும்புகிறார்கள். அந்தக் கடவுளுக்கு உருவம் இல்லை, பங்காளி இல்லை. எகிப்தில் அடிமைகளாகக் கிடந்த தங்களை மீட்டு, சீனாய் மலையில் தங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டவர் அவர் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த உடன்படிக்கையின் ஷரத்துகள்தான் கட்டளைகள். மரபுக் கணக்கில் மொத்தம் 613. செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365.

சரி, உள்ளே இருப்பதைப் பார்த்தோம். இனி உறையைப் பாருங்கள். ஐரோப்பிய மரபில் வந்த அஷ்கெனாசி யூதர் வீடுகளில் அது பெரும்பாலும் சாய்வாக இருக்கும். அறைந்தவர் கை தவறவில்லை. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த மேதை ராஷி, நிமிர்த்தி வை என்றார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ரபேனு தாம், படுக்கைவாட்டில் வை என்றார். தாத்தா சொல்வதா, பேரன் சொல்வதா? பின்னால் வந்தவர்கள் இருவரையும் விட மனசில்லாமல் சாய்த்து வைத்துவிட்டார்கள்!

உள்ளே இருப்பது ஒரே கடவுள் என்ற அறிவிப்பு, வெளியே தெரிவது தீராத ஒரு வாதத்தின் தழும்பு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த மதம் பிடிபடாது என்பது என் எண்ணம்.

நம்பிக்கைப் பட்டியல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் இருந்த மைமோனிடிஸ் 13 கொள்கைகளை வகுத்தார். 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் யோசேப்பு அல்போ, அடித்தளம் என்றால் மூன்று போதும் என்றார். பட்டியலிலும் வாதம்தான். என்ன நம்புகிறாய் என்பதைவிட என்ன செய்கிறாய் என்பதற்கே அங்கே எடை அதிகம். வாரத்தின் ஏழாம் நாளான ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலை வகைகள் 39 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறியே ஆக வேண்டும், அதுவும் சட்டம்தான்.

கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். பலிபீடம் போயிற்று. அதன்பின் படிப்பும் ஜெபமும்தான் வழிபாடு. அந்தக் காலத்துக் கதை ஒன்று, யூத அறிஞர்களின் சட்ட வாதங்களைத் தொகுத்த நூலான தல்மூதில் இருக்கிறது.

ஒரு மண் அடுப்பு. வளையம் வளையமாக வெட்டி, இடையில் மணல் போட்டு அடுக்கியது. அதற்குத் தீட்டு ஒட்டுமா? ஒட்டாது என்றார் ரபி எலியேசர். ரபி என்றால் மத ஆசான். ஒட்டும் என்றார்கள் மற்ற எல்லோரும். அவர் சொன்ன காரணம் எதையும் அவர்கள் ஏற்கவில்லை. “நான் சொல்வது சரியென்றால் இந்தக் கரோப் மரம் சாட்சி சொல்லட்டும்” என்றார். மரம் வேரோடு பெயர்ந்து நூறு முழம் தள்ளிப் போய் நின்றது. மரத்தின் சாட்சி செல்லாது என்றார்கள். வாய்க்கால் பின்னோக்கி ஓடியது. அதுவும் செல்லாது. பாடசாலைச் சுவர்கள் சாயத் தொடங்கின. ரபி யோசுவா சுவர்களை அதட்டினார்: “அறிஞர்கள் வாதாடினால் உங்களுக்கென்ன?” அவர் மரியாதைக்காகச் சுவர்கள் விழவில்லை, எலியேசர் மரியாதைக்காக நிமிரவும் இல்லை. இன்னும் சாய்ந்தே நிற்கின்றன என்கிறது தல்மூத்.

கடைசியில் வானத்திலிருந்தே குரல் வந்தது, எலியேசர் பக்கம்தான் நியாயம் என்று. யோசுவா எழுந்தார். “அது வானத்தில் இல்லை” என்றார். மெசூசாவில் இருக்கும் அதே உபாகமத்தின் வாசகம். தோராவைத்தான் எங்களிடம் கொடுத்தாயிற்றே, இனிப் பெரும்பான்மை முடிவு செய்யும் என்பது பொருள். கடவுள் சிரித்தாராம்: “என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்.”

மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் இங்கே நிறுத்திக் கைதட்டல் வாங்கிக்கொள்வார்கள். நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். தல்மூத் நிறுத்தவில்லை. இந்தக் கதை வருவதே, சொல்லால் பிறரைப் புண்படுத்துவதைப் பற்றிய பகுதியில்தான்.

ஜெயித்தவர்கள் எலியேசரைத் தள்ளி வைத்தார்கள். சேதியை அவரிடம் யார் சொல்வது? “தகாத ஒருவன் போய்ச் சொன்னால் உலகமே அழிந்துவிடும். நான் போகிறேன்” என்றார் ரபி அக்கிவா. கறுப்பு உடுத்துக்கொண்டு போய், அவருக்கு நாலு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

“அக்கிவா, இன்றைக்கு என்ன விசேஷம்?”

“ஐயா, தோழர்கள் உங்களைவிட்டு விலகியிருக்கிறார்கள் போலத் தோன்றுகிறது.”

எலியேசர் உடையைக் கிழித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கண்ணீர் வழிந்தது. அன்றைக்கு ஒலிவத்தில் மூன்றில் ஒரு பங்கு, கோதுமையில் மூன்றில் ஒரு பங்கு, வாற்கோதுமையில் மூன்றில் ஒரு பங்கு பட்டுப்போயிற்று என்று எழுதியிருக்கிறது.