அரிசி, மாடு, படகு: 1824 ஆங்கிலேய–பர்மியப் போர்

பெரியோர்களே, நண்பர்களே,

முதல் ஆங்கிலேய–பர்மியப் போர் என்றதும் ராக்கெட்டையும், போரில் இறங்கிய 'டயானா' என்ற நீராவிக் கப்பலையும்தான் பலர் நினைவுகூர்வார்கள். இன்று நான் சொல்ல வந்தது அரிசி, மாடு, படகு ஆகிய மூன்றைப் பற்றி. 2 ஆண்டுகள் நடந்த அந்தப் போரின் போக்கை இவை மூன்றும் எப்படித் திருப்பின என்று பாருங்கள்.

முதலில் எல்லைத் தகராறு. 1784–85இல் பர்மிய மன்னர் போதவ்பயா, வங்காளத்தை ஒட்டிய கடலோர நாடான அரக்கானைப் பிடித்தார். இடையில் இருந்த நாடு மறைந்து, நாஃப் ஆற்றின் இந்தக் கரையில் கும்பினி, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, அந்தக் கரையில் ஆவா எனப்பட்ட பர்மிய அரசு என்றாயிற்று. அரக்கானியர் பெருந்திரளாக சிட்டகாங் பக்கம் ஓடிவந்தார்கள். அவர்களில் சின் பியான் என்பவர் 1811இல் கும்பினி மண்ணிலிருந்தே ஆள் திரட்டிப் போய் அரக்கானைத் தாக்கினார். ஓடிப்போனவர்களை ஒப்படை என்று ஆவா கேட்டது, கும்பினி மறுத்தது. அடுத்து மணிப்பூரும் அஸ்ஸாமும் பர்மியர் கைக்குப் போயின. 1823 செப்டம்பரில் நாஃப் முகத்துவாரத்திலுள்ள ஷாப்புரி தீவில் இருந்த கும்பினிக் காவலைப் பர்மியர் தாக்கினார்கள். 1824 மார்ச் 5ஆம் தேதி கும்பினியின் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் பிரபு போர் அறிவித்தார்.

எல்லையோ காடும் மலையும் காய்ச்சலும் நிறைந்த இடம். ஆகவே கடல் வழியாக ரங்கூனைப் பிடித்து, அங்கே கிடைக்கும் படகுகளில் ஐராவதி ஆற்றில் ஏறித் தலைநகர் ஆவாவை அடைவது என்று கல்கத்தாவில் திட்டமிட்டார்கள். மழைக்காலத்தில் ஆறு நிறைந்திருக்கும், தென்மேற்குக் காற்றும் படகைத் தள்ளும் என்பது கணக்கு. கணக்கில் தவறில்லை. படகும் படகோட்டியும் அங்கே இருப்பார்கள் என்று நம்பியதில்தான் தவறு.

1824 மே 11ஆம் தேதி, ஆர்ச்சிபால்ட் காம்ப்பெல் தலைமையில் சுமார் 11,000 பேர் ரங்கூனில் இறங்கினார்கள். ஊர் காலி. பர்மியர் மக்களைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். மாடு இல்லை, நெல் இல்லை, படகு இல்லை. பர்மியர் செய்த மிகச் சிறந்த போர்ச் செயல் இதுதான் என்பது என் எண்ணம். பிடித்த ஊரைவிட்டு நகர வழியில்லாமல் அந்தப் படை அடைமழையில் அங்கேயே முடங்கியது. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் வந்த உப்பிட்ட இறைச்சியும் பூசணம் பிடித்த பிஸ்கட்டும்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சாப்பாடு. காய்கறி இல்லாததால் ஸ்கர்வி வந்து ஈறு அழுகியது, பிறகு சீதபேதி.

அங்கே இருந்த இந்தியச் சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் சென்னை ராணுவத்தினர். வங்காளப் படையில் கடல் கடந்தால் சாதி கெடும் என்ற தயக்கம் வலுவாக இருந்தது. சென்னைப் படையோ 1811இலேயே ஜாவாவுக்குக் கப்பலேறியிருந்தது. அப்போது சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ ஆளும் தளவாடமும் திரட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

வங்காளப் படையைத் தரைவழியாக சிட்டகாங்குக்கு நடத்த நினைத்தபோது மாடு குறுக்கே வந்தது. சிப்பாய் தன் மூட்டைக்குத் தானே பொதிமாடு பிடிக்க வேண்டும். அரசே மாடுகளை வாங்கிக் குவித்ததால் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரில் 47ஆம் படைப்பிரிவு, மாடு கொடு, படி கூட்டிக் கொடு என்று நின்றது. 1824 நவம்பர் 2ஆம் தேதி அவர்கள்மேல் பீரங்கி வெடித்தது. கேட்டது சுமை தூக்க மாடு, கிடைத்தது மரணம். இந்தப் போரில் நான் மன்னிக்க முடியாத இடம் இது.

பர்மியரின் போர்முறையையும் சொல்ல வேண்டும். தேக்குக் கட்டைகளை நட்டு ஒரே இரவில் அரண் எழுப்புவார்கள். அதன் முன்னே குழிகள். ஒவ்வொன்றிலும் 2 பேர், கூடவே அரிசி, தண்ணீர், விறகு, படுக்க வைக்கோல். ஆற்றில் எரிதெப்பம் விடுவார்கள். மூங்கில் தெப்பத்தில் நில எண்ணெயும் பஞ்சும் நிறைந்த பானைகளை அடுக்கிக் கொளுத்தி, நங்கூரமிட்ட கப்பல்களை நோக்கி நீரோட்டத்தில் மிதக்கவிடுவார்கள்.

பர்மியத் தளபதி மகா பந்தூலா 1824 மே மாதம் சிட்டகாங் பக்கத்து ராமுவில் கும்பினிப் படையை முறியடித்தவர். ரங்கூனைக் காக்க அழைப்பு வந்ததும், கொட்டும் மழையில் அரக்கான் மலைத்தொடரைக் கடந்து தன் படையை நடத்திவந்தார். டிசம்பர் 1ஆம் தேதி ரங்கூனைச் சூழ்ந்து நின்றவர்கள் சுமார் 30,000 பேர். அங்கேதான் அவர் பிசகினார். பசியும் நோயும் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடரவிடாமல் நேருக்கு நேர் மோதினார். 5ஆம் தேதி அவருடைய இடப்பக்கம் உடைந்தது. 7ஆம் தேதி ஷ்வேடகோன் கோயிலுக்கு எதிரே இருந்த நடுப்பகுதியும் உடைந்தது. 1825 ஏப்ரல் 1ஆம் தேதி தனுபியூ அரணில் குண்டு பட்டு இறந்தார். அந்த இரவே அரண் காலியாகிவிட்டது.

பின்பு புரோம், மலூன், பகான் என்று ஐராவதியை ஒட்டிக் கும்பினிப் படை ஏறியது. ஆவாவுக்கு அருகே யாண்டபோவில் 1826 பிப்ரவரி 24ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது. அரக்கானும், தெற்குக் கடற்கரையான தெனாசரிமும் கும்பினிக்கு. அஸ்ஸாமில் ஆவாவுக்கு இனி உரிமை இல்லை. தண்டம் 1 கோடி ரூபாய், 4 தவணையில். கும்பினி அனுப்பிய சுமார் 40,000 பேரில் 15,000 பேர் திரும்பவில்லை. பெரும்பாலோரை நோய்தான் கொன்றது. தெனாசரிமில் மோல்மேன் என்ற புதிய பாளையம் எழுந்தது. அங்கே காவலுக்கு நின்றவையும் சென்னைப் படைப்பிரிவுகளே.