பாம்பன் வெயிலில் போர்வை எதற்கு?

(மீன்பிடித் தடைக்காலத்தில், பாம்பனில் மகளிர் குழுக்களின் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். உள்ளே வரும்போதே ஒரு மதினி வழிமறித்துக் கேட்டுவிட்டார். "டீச்சர், இங்கே விசிறி இல்லாமல் உட்கார முடியவில்லை. நீங்கள் கம்பளி பின்னச் சொல்லித்தர வந்திருக்கிறீர்களாமே?"

நியாயமான கேள்வி. இதை நாங்கள் முதலிலேயே கேட்டிருந்தால் 11 போர்வை பீரோவுக்குள் போய் உட்கார்ந்திருக்காது.

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. நாங்கள் 8 பேர் சேர்ந்து, பளபளவென்ற உல்லன் நூல் வாங்கி, குரோஷாவில், அதாவது நுனியில் கொக்கி உள்ள ஊசியால், சதுரம் சதுரமாகப் பின்னி, ஒட்டி, ஒரு குழந்தைகள் காப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். போட்டோவும் எடுத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஒரு பிள்ளையிடமும் போர்வையைக் காணோம். பொறுப்பாளர் அம்மாவுக்குச் சொல்லவே சங்கடம். "பிள்ளைகளுக்கு வேர்க்கிறது டீச்சர். இரண்டைத் துவைத்தோம், சதுரத்துக்கு நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. மிச்சத்தை பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம்" என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. யாருக்கு, எந்த மாதத்துக்கு, எங்கே படுக்கிற பிள்ளைக்கு என்று கேட்காமல் கொடுத்தது நாங்கள்.

உல்லன் என்று கடையில் நாம் கேட்டு வாங்குவதில் பெரும்பாலும் ஆட்டு ரோமமே இருக்காது, அது அக்ரிலிக். விலை மலிவு, சாயம் போகாது, சீக்கிரம் காயும். ஆனால் வேர்வையை உறிஞ்சாது. அது கொடைக்கானல் விடுதிப் பிள்ளைக்கு நல்லது, ஏசி போட்ட ஆஸ்பத்திரி வார்டில் கிடக்கும் பிள்ளைக்கு நல்லது. நம் கரைப் பிள்ளைக்குப் போர்வை தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகையில். வாடைக்காற்று அடிக்க, சிமெண்ட் தரையில் ஈரம் ஏற, பாய் விரித்துப் படுக்கும்போது. அதற்குப் பருத்தி நூல்தான். பருத்தியிலும் வம்பு உண்டு: கனக்கும், மழை நாளில் லேசில் காயாது, சிவப்பு நூல் சாயம் விடும். ஈரத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுப் பின்னுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இந்தச் சதுரத்துக்கு இங்கிலீஷில் 'கிரானி ஸ்கொயர்' என்று பெயர், பாட்டிச் சதுரம். 1885-லேயே அமெரிக்காவில் ஒரு விவசாயப் பத்திரிகையில் இதன் செய்முறை அச்சாகியிருக்கிறது. மிச்சம் மீதி நூலை வீணாக்காமல் இருக்கப் பிறந்த வேலை. நம் வீட்டுப் பழைய சேலை ஒட்டுப்போர்வைக்குச் சொந்தக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு வளையம். அதற்குள் டபுள் குரோஷா என்கிற உயரமான தையல் மூன்று சேர்ந்து ஒரு கொத்து, மூலைக்கு இரண்டு செயின், அதாவது சங்கிலித் தையல், மறுபடி ஒரு கொத்து. நாலு கொத்து முடிந்தால் முதல் சுற்று. அடுத்த சுற்றில் எட்டு, அதற்கடுத்து பன்னிரண்டு, நாலாவதில் பதினாறு. மூலைக்கு மூலை இரண்டு கொத்து போட மறக்காதவரை சதுரம் சதுரமாகவே வளரும். மறந்தால் அந்தப் பக்கம் சுருங்கித் தொப்பி மாதிரி தூக்கிக்கொள்ளும். ஓலைப்பெட்டிக்கு அடி முடைந்த கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. உங்களுக்கு நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகிற கணக்கை நான் சொல்லவே வேண்டாம்.

யூடியூப் பார்த்துப் பழகுகிற தங்கச்சிகளுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக்காரர்கள் டபுள் குரோஷா என்று சொல்வதைத்தான் இங்கிலாந்துக்காரர்கள் டிரெபிள் என்பார்கள். இங்கிலாந்தில் டபுள் என்றால் அதைவிடக் குட்டையான வேறு தையல். எங்கள் முதல் போர்வையில் பாதிச் சதுரம் ஆறு அங்குலம், பாதி நாலரை வந்ததற்கு இதுதான் காரணம். இரண்டு பேர் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை! இப்போது ஆளுக்கொரு ஆறு அங்குல அட்டை வெட்டிக் கொடுத்துவிடுகிறேன். வலை பின்னும்போது கண்ணிகள் ஒரே அளவாக வர மூங்கில் துண்டை வைத்து முடிச்சுப் போடுவார்களே, அதே வேலைதான் இந்த அட்டைக்கு. அட்டையை விடச் சின்னதாக வந்தால் இன்னொரு சுற்றுப் போடுங்கள். பெரிதாக வந்தால் கையை இறுக்குங்கள் அல்லது ஊசியை மாற்றுங்கள்.

வலை என்றதும் நினைவுக்கு வருகிறது, இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு இருக்கிறது. ஒன்று அறுந்தால் பக்கத்துக் கண்ணி நிற்கும். கரையில் உட்கார்ந்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். குரோஷாவில் அப்படி இல்லை. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அவ்வளவுதான். கடைசி வளையத்தைக் கட்டாமல் நூலை இழுத்தால் ஒரு மணி நேர வேலை ஒரு நிமிடத்தில் சரசரவென்று பிரிந்துவிடும். பழகும்போது இது வரம். தப்பினால் பிரித்து மறுபடி போடலாம். கொடுத்த பிறகு இதுவே சாபம்.

காப்பகத்துப் போர்வையில் நடு ஓட்டை விழுந்தது எப்படி? தொடக்க வளையத்தின் வால் நூலை அரை அங்குலம் விட்டு, ஒரு முடிச்சுப் போட்டு, ஒட்ட வெட்டியிருந்தோம். அக்ரிலிக் வழுக்கும். துவைக்கத் துவைக்க முடிச்சு நெகிழ்ந்து வால் உள்ளே போய்விட்டது, வளையம் வாயைத் திறந்துகொண்டது. அதனால் முடிச்சை நம்பாதீர்கள். வாலை நீளமாக விடுங்கள். மொட்டை ஊசியில் கோத்து, தையலுக்குள்ளே ஒரு பக்கம் ஓட்டி, திரும்பி எதிர்ப்பக்கம் ஓட்டி, மூன்றாவது தடவையும் திருப்பி ஓட்டிவிட்டு வெட்டுங்கள். போர்வையின் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் பின்னியவள் யார் என்று எனக்குத் தெரியும்.

துவைப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வெளியே தொங்கும் நூல் கைக்குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். வாயில்லாத ஜீவன், அழுவதற்குக் காரணம் நமக்குத் தெரியாது. ஒரு வயது நிரம்பாத பிள்ளை தூங்கும்போது இந்தப் போர்வையை மேலே போடவே கூடாது. முகத்தில் ஏறினால் தள்ளிவிடத் தெரியாது. கொடுக்கும் இடத்தில் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். நாங்கள் இப்போது நடக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுக்கிறோம்.

நிறத்துக்கு வந்தால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உள்சுற்றுகளில் மஞ்சள், ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று உங்கள் இஷ்டம். கடைசிச் சுற்று மட்டும் எல்லாரும் ஒரே கருநீலம். அப்போதுதான் பத்துப் பேர் கை ஒரே போர்வையாகச் சேரும். வெள்ளை அழகுதான், ஆனால் துவைக்கப் போவது நீங்கள் இல்லை.

கடலில் பாசி எடுக்கிற கைகளுக்கு இந்த நூல் விரல் வெடிப்பில் மாட்டும். எண்ணெய் தடவினால் நூல் கறைபடும், பவுடர் போட்டுக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் இரும்பு ஊசி துருப்பிடித்து நூலில் கோடு போடும். அதனால் அலுமினிய ஊசிதான் கொண்டுவந்திருக்கிறேன், 4 மில்லிமீட்டர்.

2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டருக்குக் குரோஷாப் போர்வை பின்னிக் கின்னஸில் ஏறினார்கள். நமக்கு அந்த ஆசை வேண்டாம். ஆறுக்கு எட்டு, 48 சதுரம் போட்டால் மூன்றடிக்கு நாலடி. ஒரு பிள்ளைக்குப் போதும். தடை ஜூன் 14 வரை. மறுநாள் விசைப்படகு இறங்கிவிட்டால் உங்களை எங்கே பிடிப்பது? அதற்குள் ஆளுக்கு மூன்று சதுரம் கொடுத்துவிடுங்கள்.

பின்வரிசை அக்காமார் முன்னே வாருங்கள், நூல் பெட்டி இங்கே இருக்கிறது. வால் ஒரு சாண். கத்தரிக்கோல் ஒன்றுதான் இருக்கிறது, சுற்றுக்கு விடுகிறேன். போன தடவை போனது இன்னும் திரும்பி வரவில்லை.