டெங்குவில் காய்ச்சல் விட்ட நாள்

(திரையில்: தெர்மாமீட்டர். 98.4 காட்டுகிறது.)

ஐந்தாம் நாள் காலை. நான்கு நாளாக 103-ஐ விட்டு இறங்காத காய்ச்சல் இன்று விட்டிருக்கிறது. அம்மா பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார், அப்பாடா என்கிறார். பாட்டி திருஷ்டி கழிந்தது என்று சூடம் சுற்றிப் போடுகிறார். பிள்ளை மட்டும் எழுந்திருக்கவில்லை. சுருண்டு படுத்திருக்கிறது. விடாமல் வாந்தி எடுக்கிறது. வயிற்றைத் தொட்டால் முனகுகிறது. பாதத்தைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது.

டெங்குவில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை, விடும்போது வருகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம்.

இது ஏன் என்று கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. நம் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாக்களுக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அங்கே காதில் விழுவது ஒரே கேள்விதான்: "கவுன்ட் எவ்வளவு?" ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கைதான் அது. ஒரு லட்சம் என்றால் முகம் தெளிகிறது. 40 ஆயிரம் என்றால் ஒருவர் பப்பாளி இலைக்கும் இன்னொருவர் ரத்த வங்கிக்கும் ஓடுகிறார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அது தனியாகச் சொல்லாது.

(திரையில்: பழைய பாங்காக் நகரத்தின் கறுப்பு வெள்ளைப் படங்கள்.)

1958-இல் பாங்காக்கில் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு மணிலாவிலும் இதே கதை. தோலில் சிவப்புப் புள்ளிகள், மூக்கிலும் ஈறிலும் ரத்தம். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பெயர் வைத்தார்கள்: ரத்தக்கசிவுக் காய்ச்சல். என்னைக் கேட்டால், பாதிக் குழப்பம் அந்தப் பெயரில்தான் தொடங்கியது. பெயரைக் கேட்டவர் எல்லோரும் ரத்தத்தைத் தேடினார்கள்.

பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் சுசித்ரா நிம்மன்னித்யா என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் வேறு மாதிரிப் பார்த்தார்கள். படுக்கை படுக்கையாக, மணிக்கு மணி, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே போனார்கள். சொட்டு ரத்தம்கூட வெளியே வராத குழந்தைகளும் அதிர்ச்சி நிலைக்கு, அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலைக்கு, போவது அப்போதுதான் துலங்கியது. ரத்தம் வெளியே போகவில்லை என்றால் ரத்தக்குழாய் ஏன் காலியாகிறது?

ரத்தத்தின் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, குழாயின் சுவர் வழியாக ஊறி வெளியேறுகிறது. நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் போய்த் தேங்குகிறது. நெஞ்சில் தேங்கும்போது பெரும்பாலும் வலப்பக்கம்தான் முதலில். குழந்தையை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் அந்த நீர் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. ஸ்கேனில் பித்தப்பையின் சுவர் தடித்துத் தெரிவதும் இந்தக் கசிவின் அடையாளம்தான். 1970-களில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட டெங்கு வழிகாட்டுதலுக்கு பாங்காக் வார்டில் எழுதிய இந்தக் குறிப்புகளே அடிப்படை.

(திரையில்: ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ஒரு வரியில் வட்டம்.)

இப்போது கையில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். பிளேட்லெட் வரிக்குச் சற்று மேலே பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சில லேப்களில் ஹீமாடோக்ரிட் என்று போடுவார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைக்கின்றன என்ற கணக்கு அது.

அடுப்பில் வைத்த சாம்பார் வற்றினால் பருப்பு கெட்டியாகிறது இல்லையா? யாரும் கூடுதலாகப் பருப்புப் போடவில்லை, தண்ணீர்தான் குறைந்திருக்கிறது. பி.சி.வி. ஏறுவதும் அப்படித்தான். முதல் நாள் 36 இருந்த பிள்ளைக்கு ஐந்தாம் நாள் 44 என்றால் ஏற்றம் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கசிவு கணிசமாக நடக்கிறது என்று அர்த்தம். அன்று கவுன்ட் 80 ஆயிரம் இருந்தாலும் அந்தப் பிள்ளைதான் கவலைக்குரிய பிள்ளை. பக்கத்துப் படுக்கையில் கவுன்ட் 25 ஆயிரமாக இறங்கி, பி.சி.வி. 38-இலேயே நின்று, இட்லி கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளையைவிட.

இன்னொரு எண் இதைவிடத் தந்திரமானது. நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்து '100/80' என்று எழுதுகிறார். நாம் என்ன நினைப்போம்? 120/80 தானே நார்மல், கிட்டத்தட்ட வந்துவிட்டது. டெங்குவில் ஒரு குழந்தைக்கு இது அதிர்ச்சி நிலையின் தொடக்கம்.

(திரையில்: இரண்டு கோடுகள். மேல் கோடு அசையவில்லை, கீழ்க் கோடு மெல்ல ஏறுகிறது.)

குழாயில் நீர் குறையும்போது உடல் சும்மா இருப்பதில்லை. கை கால்களுக்குப் போகும் சிறு குழாய்களை இறுக்கி, இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. பாதம் ஜில்லிடுவது அதனால்தான். குழாய் இறுகுவதால் கீழே எழுதும் எண் ஏறுகிறது. மேலே எழுதும் எண் கடைசிவரை பிடித்து நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் உடனடி சிகிச்சை வேண்டும். மேல் எண்ணும் இறங்கட்டும் என்று காத்திருந்தால் அது படிப்படியாக இறங்காது, திடீரென்று விழும். அந்த நேரம் வரை பிள்ளை பேசிக்கொண்டுகூட இருக்கும்.

சுவர் ஏன் ஒழுகுகிறது? காய்ச்சலின் முதல் நாட்களில் செய்யும் என்.எஸ்.1 பரிசோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வைரஸ் ரத்தத்தில் கொட்டும் ஒரு புரதம் அது. நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக மட்டுமே அதை நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2015-இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் முடிவுகளை வெளியிட்டன: அந்தப் புரதமே ரத்தக்குழாய்ச் சுவரைக் கசியவைக்கிறது. சுவரின் உட்புறம் பூசியிருக்கும் மெல்லிய சர்க்கரைப் படலத்தை அது சிதைக்கிறது என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது. துப்புக் கொடுத்தவனே குற்றத்தில் கூட்டாளி.

எல்லோருக்கும் ஏன் இப்படி ஆவதில்லை? இதற்கு கியூபாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டெங்கு வைரஸில் நான்கு வகை. 1977-இல் அந்தத் தீவில் முதல் வகை பரவியது, பெரிய சேதமில்லை. 1981-இல் இரண்டாம் வகை வந்தது. 3,44,203 பேருக்கு நோய், 158 மரணம். 1997-இல் சாந்தியாகோ தே கியூபா நகரில் மீண்டும் இரண்டாம் வகை. இம்முறை மோசமானவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். 1977-க்கு அப்புறம் பிறந்த பிள்ளைகள் தப்பித்தார்கள். முதல் வகைக்கு எதிராக இருபது ஆண்டுகளுக்கு முன் உடலில் உருவான எதிர்ப்புப் புரதமே இரண்டாம் வகைக்குக் கதவு திறந்துவிட்டது. ஒருமுறை வந்தவருக்கு வேறொரு வகை வரும்போது கூடுதல் கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

இதையெல்லாம் ஒரு சாதாரண டாக்டர் படுக்கை அருகே நின்று எப்படிப் பயன்படுத்துவது? ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலுமாக ஏழு நாடுகளில் நோயாளிகளை நாள்தோறும் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு நடந்தது. அதையொட்டி 2009-இல் உலக சுகாதார நிறுவனம் நோயை வகைப்படுத்தும் முறையையே மாற்றி, எச்சரிக்கை அறிகுறிகளை முன்னால் வைத்தது. தீராத வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு அல்லது இருப்புக்கொள்ளாமை, கல்லீரல் வீக்கம், நீர் தேங்குதல், பி.சி.வி. ஏற ஏற பிளேட்லெட் சரிவது. கவுன்ட் தனி வரியாக அதில் இல்லை, பி.சி.வி.யுடன் சேர்ந்துதான் வருகிறது. இந்த அறிகுறி உள்ள எல்லோரையும் சேர்த்தால் வார்டு நிரம்பி வழியும் என்று பாங்காக் மருத்துவர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபத்திலும் நியாயம் இருக்கிறது.

(திரையில்: மஞ்சள் நிறப் பிளேட்லெட் பை.)

சரி, கவுன்ட் 20 ஆயிரத்துக்கு வந்துவிட்டது, பிளேட்லெட் ஏற்ற வேண்டாமா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பெரியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் 20 ஆயிரம் அல்லது அதற்கும் கீழே, ஆனால் தொடர்ந்த ரத்தப்போக்கு இல்லை. ஒரு பாதிக்கு ஏற்றினார்கள், மறு பாதிக்கு ஏற்றவில்லை. 2017-இல் வந்த முடிவு: ஏற்றியவர்களில் 21 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு, ஏற்றாதவர்களில் 26. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. பக்கவிளைவு மட்டும் ஏற்றியவர்களுக்குக் கூடுதல்: 13 சம்பவங்கள், மறுபக்கம் 2. ரத்தம் உண்மையிலேயே கொட்டுகிறவருக்கு ஏற்றுவது வேறு விஷயம். எண்ணைப் பார்த்துப் பயந்து ஏற்றுவதைத்தான் இந்த ஆய்வு கேள்வி கேட்டது.

பப்பாளி இலையைப் பற்றி என் கருத்து இதுதான். கவுன்ட் ஆறாம் ஏழாம் நாளுக்கு மேல் தானாக ஏறத் தொடங்கும். அன்று பிள்ளைக்கு எது கொடுத்தோமோ அது பேர் வாங்கிக்கொள்ளும்.

பிறகு எதுதான் மருந்து? உப்பு நீர். 2005-இல் ஹோ சி மின் நகரில் அதிர்ச்சி நிலையில் வந்த 512 குழந்தைகளிடம் எந்த டிரிப்ஸ் நல்லது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடுத்தர அதிர்ச்சியில் இருந்தவர்களுக்கு ரிங்கர் லாக்டேட் என்ற விலை குறைந்த உப்பு நீரே போதுமானதாக இருந்தது. 512 பேரில் இறந்தது ஒரே குழந்தை. எவ்வளவு, எந்த வேகத்தில், எந்த நேரத்தில் என்பதில்தான் சூட்சுமம். பாட்டில் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிவதால் அதன் பின்னால் இருக்கும் கணக்கு நமக்குத் தெரிவதில்லை.

அந்தக் கணக்கின் கடைசிப் பகுதி இது. கசிவு 48 மணி நேரத்தில் நின்றுவிடும். வெளியே தேங்கிய நீர் தானாகவே குழாய்க்குத் திரும்பும். பிள்ளைக்குப் பசி எடுக்கும், சிறுநீர் தாராளமாகப் போகும், உள்ளங்கை நமநமவென்று அரிக்கும், சிவந்த காலில் வெள்ளை வெள்ளைத் திட்டுகள் தெரியும். அப்போதும் டிரிப்ஸ் ஓடினால் நீர் நுரையீரலில் ஏறி மூச்சுத்திணறல் வரும். நர்ஸ் வந்து குழாயை மூடும்போது, "கவுன்ட் இன்னும் 60 ஆயிரம்தானே, அதற்குள் ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பி.சி.வி. எவ்வளவு என்று கேளுங்கள்.