அரியரை கிளியர் பண்ணினாலும் அந்த எஃப் போகாது! அமெரிக்க மெடிக்கல் சீட் கணக்கு

(திரையில் இரண்டு எண்கள்: 4.0, 3.87)

வணக்கம் மக்களே! இந்த இரண்டு எண்ணும் ஒரே மாணவியின் ஜிபிஏ, அதாவது 4-க்கு எவ்வளவு என்று சொல்லும் கிரேடு சராசரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.0 அவருடைய கல்லூரி கொடுத்தது. 3.87 மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் மார்க்கைத் திருடியது யார்?

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பொதுவாக பள்ளி முடித்ததும் நேராக டாக்டர் படிப்பு கிடையாது. முதலில் 4 வருட டிகிரி, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, அப்புறம் 4 வருட எம்டி (அங்கே டாக்டர் ஆவதற்கான அடிப்படைப் படிப்பே இதுதான், நம் ஊர் எம்பிபிஎஸ் மாதிரி). சரி, பின்னணி முடிந்தது.

பெரும்பாலான எம்டி கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்ப மையம் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே உங்கள் கல்லூரி போட்ட ஜிபிஏ செல்லாது. படித்த ஒவ்வொரு பாடத்தையும் கிரேடோடு நீங்களே டைப் செய்ய வேண்டும். அதைக் கல்லூரி தரும் டிரான்ஸ்கிரிப்டோடு (மார்க் பட்டியல்) ஒப்பிட்டுச் சரிபார்த்து, அவர்களே புதிதாகக் கணக்குப் போடுவார்கள். பள்ளியில் இருக்கும்போதே எடுத்த கல்லூரிப் பாடமும் இதில் சேரும்.

நம் மாணவிக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் எஃப், அதாவது ஃபெயில். 4 கிரெடிட் பாடம் (கிரெடிட் என்பது பாடத்தின் எடை). மறுபடி எழுதி ஏ வாங்கினார். கல்லூரி பழைய எஃப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. நம் ஊரிலும் அரியர் கிளியர் ஆனதும் வீட்டில் பாயசம்தானே? ஆம்காஸில் பாயசம் கிடையாது. முட்டையும் நிற்கும், ஏ-வும் நிற்கும். ஏ-வுக்கு 4 புள்ளி, எஃப்புக்கு 0. 120 கிரெடிட் முழுக்க ஏ, அதாவது 480 புள்ளி. எஃப் வாங்கிய 4 கிரெடிட்டையும் சேர்த்து 124-ஆல் வகுத்தால் 3.87.

இதோடு விட்டார்களா? உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நாலுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு அறிவியல் ஜிபிஏ உண்டு. அதில் இவர் எடுத்தது 40 கிரெடிட் என்றால், 160-ஐ 44-ஆல் வகுக்க வேண்டும். 3.64! எம்டி-யில் சேருகிறவர்களின் சராசரி மொத்த ஜிபிஏ-வே சுமார் 3.8. இப்போது புரிகிறதா, ஏன் அங்கே எல்லோரும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி என்றாலே நடுங்குகிறார்கள் என்று?

எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து இனிமேல்தான். இஞ்சினியரிங் மாணவர் ராத்திரி பகலாகத் தெர்மோடைனமிக்ஸ் படித்து ஏ வாங்குகிறார். இஞ்சினியரிங் பாடம் என்று பதிவானால் அது அறிவியல் ஜிபிஏ-வில் சேராது, 'மற்றவை'யில் போய் உட்காரும். சைக்காலஜி துறையில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தவருக்கோ அது கணிதமாகி அறிவியலில் சேர்ந்துவிடும். பாடம் எந்தத் துறையில் நடந்தது என்பது முக்கியமில்லை, உள்ளே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. ஒரு இஞ்சினியராக எனக்கு இதில் தனிப்பட்ட வருத்தம் உண்டு.

டெக்சாஸ் கதையே வேறு. அந்த மாநிலக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்ப மையம். அவர்கள் பிளஸ், மைனஸைக் கண்டுகொள்வதில்லை. ஆம்காஸில் 3.7 ஆகிற ஏ மைனஸ் இங்கே முழு 4.0. துள்ளாதீர்கள், 3.3 ஆக வேண்டிய பி பிளஸ் இங்கே வெறும் 3.0. ஏ மைனஸ் கோஷ்டி டெக்சாஸ் பக்கம் சாயலாம், பி பிளஸ் கோஷ்டி யோசிக்கட்டும். டெக்சாஸ்வாசிகளுக்கு இன்னொரு சலுகை: பத்து வருடத்துக்கு மேல் பழைய பாடங்களை மொத்தமாகக் கணக்கிலிருந்து விலக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பொறுக்கி எடுக்க முடியாது, நல்ல மார்க்கும் சேர்ந்தே போகும்.

கமெண்டில் நிறையப் பேர் கேட்பது: "அண்ணா, இங்கே பிஎஸ்சி முடித்துவிட்டு அங்கே எம்டி-க்கு அப்ளை பண்ணலாமா?" தம்பி, ஆம்காஸ் நம் ஊர்க் கல்லூரி மார்க்கை ஜிபிஏ-வில் சேர்ப்பதே இல்லை. பல கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களைத்தான் கேட்கும். இங்கே வாங்கிய கோல்டு மெடல் அந்தக் கணக்குக்குள் வராது. அரியரும் வராது, அது ஒன்றுதான் ஆறுதல்!