நாள் செய்வது நல்லவர் செய்யார்

(மலேசியாவின் சுங்கை சிப்புட் ஆலய மண்டபத்தில், தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பதிவையொட்டிப் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே ஈப்போவிலிருந்து வந்திருக்கும் மாண்புமிகு டத்தோ அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். மண்டபத்தை இலவசமாகத் தந்த ஆலய நிர்வாகத்துக்கும், மதியத்திலிருந்து அடுப்படியில் நிற்கும் மகளிர் பிரிவினருக்கும் நன்றி. டத்தோ அவர்கள் பள்ளிக்கு நாற்காலிகள் வாங்கித் தந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது.

'நாள் செய்வது நல்லவர் செய்யார்' என்பது எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. நாள் நமக்குச் செய்து தருவதை நல்ல மனிதர்களாலும் செய்து தர முடியாது என்று பொருள். இதில் வரும் நாள் எது? காலண்டரில் கிழிக்கிறோமே, அது மட்டுமா? நட்சத்திரம், காலைப் பொழுது என்று அந்தச் சொல்லின் இரண்டு பொருள்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

முதலில் நட்சத்திரம். நிலா வானத்தைச் சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அதனால்தான் நட்சத்திரங்கள் 27. அன்றைக்கு நிலா எந்த நட்சத்திரத்தில் நிற்கிறதோ, அதுதான் அன்றைய நாள். 'நாளும் கோளும்' என்கிறோமே, அந்த நாள் இதுதான்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வயதான பூசாரி வந்திருந்தார். அர்ச்சனைத் தட்டோடு நின்ற என் அம்மாவிடம், "உன் நாள் என்னம்மா?" என்று கேட்டார். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். கொஞ்சமும் யோசிக்காமல், "பதினெட்டு நாள் சாமி. மழை மட்டும் பெய்யலன்னா இருபத்தஞ்சு விழுந்திருக்கும்" என்றார். பூசாரி தட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். பின்னால் நின்ற கங்காணிதான், "சாமி நட்சத்திரத்தைக் கேக்குறாரு ஆயா" என்று எடுத்துக் கொடுத்தார். கோயிலே சிரித்தது.

அம்மா சொன்னதும் சரிதான். தோட்டத்தில் நாள் என்றால் கூலி. விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். மழையில் பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழியும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்குக்கு வந்து சேராது. வாளியை மடியில் வைத்துக்கொண்டு, மரம் காயுமா என்று கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள். காய்ந்தால் நாள். காயாவிட்டால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேருக்கு நேரே வெறும் கட்டம். அந்தப் பதினெட்டு நாள் சம்பளத்தில்தான் எனக்குப் பள்ளிச் சட்டை தைத்தார் அம்மா.

அப்புறம், காலைப் பொழுது. அன்றலர்ந்த பூ நாண்மலர். பழைய மதுரையில் பகல் கடைவீதி நாளங்காடி, இரவுக் கடைவீதி அல்லங்காடி. நம் ஊர் இரவுச் சந்தையான பாசார் மாலாமும் ஓர் அல்லங்காடிதான்.

இனி பள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1816-இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது இந்நாட்டுத் தமிழ்க்கல்வி. பிறகு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சனம் பட்டணத்துக்குப் போனது. தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். அப்படித் தோட்டங்கள் கைமாறிய காலத்தில்தான், அமைச்சராக இருந்த இதே ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. நாள் செய்வது நல்லவர் செய்யார்! ஆறு வருடம் பிள்ளை தினமும் தமிழ் வகுப்பில் உட்கார்ந்து பெறுவதை, பிறகு எந்த டியூஷன் வாத்தியாரும் கொடுக்க முடியாது.

முதலாம் ஆண்டுப் பதிவுக்கு நாள் கடத்தாதீர்கள். மண்டபத்தின் பின்பக்கம் ஆசிரியைகள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையின் சூராட் பெரானாக், அதாவது பிறப்புச் சான்றிதழ், கையில் இருந்தால் இப்போதே போய்ப் பேரைக் கொடுங்கள். இல்லாதவர்கள் நாளைக் காலை பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள், நானும் அங்கேதான் இருப்பேன்.